முந்திரிக்கொட்டைகள்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஆள் எடுக்கும் விளம்பரங்களை வரிசையாகப் படித்துப் பாருங்கள். கணக்கு எழுதும் வேலையாக இருக்கலாம், தரச் சோதனையாக இருக்கலாம், தொலைபேசியில் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லும் வேலையாக இருக்கலாம். சம்பளம் 12,000 ரூபாயாகவோ 25,000 ரூபாயாகவோ இருக்கலாம். எல்லாவற்றிலும் ஒரு வரி மட்டும் மாறாது. 'செல்ஃப் ஸ்டார்ட்டர்' வேண்டும், 'ப்ரோஆக்டிவ்' ஆக இருக்க வேண்டும், 'இனிஷியேட்டிவ்' எடுக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தச் சொற்களைக் கற்றுக்கொடுப்பதுதான் என் பிழைப்பு. அம்பத்தூர் ஓ.டி. பக்கத்தில் ஒரு மாடி அறையில், மாலை ஆறரை மணிக்கு, பெண்களுக்கு ஆங்கிலம் பேசச் சொல்லித்தருகிறேன். ஆவடி, பட்டாபிராம் பக்கமிருந்து மின்ரயிலில் வருவார்கள். பூந்தமல்லி, திருவேற்காடு பக்கமிருந்து பேருந்திலும் ஷேர் ஆட்டோவிலும் வருவார்கள். 1964இல் அரசு இந்தத் தொழிற்பேட்டையைத் தொடங்கிய காலத்தில் இங்கே வந்தவை லேத் பட்டறைகளும் சிறு தொழிற்சாலைகளும். அவற்றில் வேலை பார்த்த ஆண்களின் பேத்திகள் சிலர் இன்று என் வகுப்பில் இருக்கிறார்கள். பட்டறைகளுக்கு நடுவே எழும்பிய கண்ணாடிக் கட்டடங்களில் வேலை தேடுகிறார்கள். தாத்தாவுக்கு ஐ.டி.ஐ. சான்றிதழ் போதுமானதாக இருந்தது. பேத்திக்குப் பட்டமும் வேண்டும், அதற்கு மேல் இந்த இனிஷியேட்டிவும் வேண்டும்.

தானாக முன்வந்து ஒரு காரியத்தில் இறங்குவதைச் சொல்ல ஆங்கிலத்தில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. ஸ்டெப் அப், டேக் சார்ஜ், ஸ்பீக் அப், லீன் இன், கெட் தி பால் ரோலிங், டேக் தி புல் பை தி ஹார்ன்ஸ். இரண்டு மாதத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் ஒரு பெண் இவற்றை எதுவரை செய்தால் பாராட்டுவார்கள், எந்த இடத்தைத் தாண்டினால் அதற்கு வேறு பெயர் வைப்பார்கள் என்பதை எந்த இலக்கணப் புத்தகமும் சொல்வதில்லை. அதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

*

ஒவ்வொரு புதிய வகுப்பிலும் யாராவது ஒருத்தி கேட்பாள்: "மேடம், இனிஷியேட்டிவ்னா தமிழ்ல என்ன?"

அகராதியில் 'முன்முயற்சி' என்று இருக்கிறது. 'முன்கை எடுத்தல்' என்றும் சொல்லலாம். இரண்டும் நல்ல சொற்கள். ஆனால் என் மாணவிகளில் ஒருத்தியின் வீட்டிலும் இந்தச் சொற்கள் புழங்கியதில்லை. அதனால் கேள்வியைத் திருப்பிப் போடுவேன். யாரும் சொல்லாமல், நீங்களாக முன்னே போய் ஒரு காரியத்தைச் செய்தால் வீட்டில் உங்களை என்னவென்று சொல்வார்கள்?

பலகை நிறைந்துவிடும். முந்திரிக்கொட்டை. அதிகப்பிரசங்கி. பெரிய மனுஷி. வாயாடி. அடங்காப்பிடாரி. துடுக்கு. "ஆமா, இவதான் இந்த வீட்டு நாட்டாமை." "பொட்டப்புள்ள மாதிரியா இருக்க?" கடைசியில் எப்போதும் வருவது: "உன்னை யாரு கேட்டா?"

அடுத்து, அதே காரியத்தை உங்கள் அண்ணனோ தம்பியோ செய்தால் என்ன சொல்வார்கள் என்று கேட்பேன். பொறுப்பான பையன். சுறுசுறுப்பு. தைரியசாலி. "அவனுக்கு விவரம் தெரியும்."

பட்டாபிராமிலிருந்து வந்த ஒருத்தி சொன்னாள். பெண் பார்க்க வந்த வீட்டில், மாப்பிள்ளைக்கு எந்தக் கம்பெனி, எத்தனை மணி ஷிஃப்ட் என்று அவளே கேட்டுவிட்டாள். வந்தவர்கள் போனதும் பாட்டி தலையில் அடித்துக்கொண்டார். "ஏன்டி முந்திரிக்கொட்டை, உங்கப்பன் வாயில என்ன கொழுக்கட்டையா?" அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்த இடம் அமையவில்லை என்பதைச் சிரிக்காமல் சொன்னாள்.

முந்திரிக்கொட்டையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பழத்துக்குள் அடங்காமல் வெளியே துருத்திக்கொண்டு இருப்பதால்தான் அதற்கு இந்தக் கெட்ட பெயர். ஆனால் மரத்தில் முதலில் உருவாவது அந்தக் கொட்டைதான். தாவரவியல்படி அதுதான் உண்மையான கனி. நாம் பழம் என்று சொல்வது, கொட்டை உருவான பிறகு உப்பிப் பெருக்கும் காம்பு. பின்னால் வந்த காம்பு பழமென்று பெயர் வாங்கிக்கொண்டது, முதலில் வந்தது முந்திக்கொண்டதாகத் திட்டு வாங்குகிறது. பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் வேலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஓட்டிலிருந்து கசியும் பால் பட்டால் கைத்தோல் வெந்துபோகும். இதை நான் சொன்ன அன்று வகுப்பில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருத்தி, "அப்போ இனிமே திட்டினா தேங்க்ஸ்னு சொல்லலாம் மேடம்" என்றாள்.

*

ஆங்கில மரபுத்தொடர்கள் எந்த இடத்தில் பிறந்தவை என்று பார்த்தால் வேறொன்று தெரியும். கடிவாளத்தைக் கையில் எடு என்பது குதிரையிலிருந்து வந்தது. சுக்கானைப் பிடி என்பது கப்பலிலிருந்து. தொப்பியை வளையத்துக்குள் வீசு என்பது குத்துச்சண்டையிலிருந்து. சட்டைக் கையை மடக்கிவிடு என்பது பட்டறையிலிருந்து. ஆண்கள் கூடிய இடங்களில் பிறந்த வினைகள் இவை. பெண்கள் அன்றாடம் எதையெல்லாம் தொடங்கிவைத்தார்களோ, அந்த அடுப்பும் தொட்டிலும் கிணற்றடியும் இந்தப் பட்டியலில் இல்லை.

'ஸ்டெப் அப் டு தி ப்ளேட்' என்று ஒன்று உண்டு. பொறுப்பை ஏற்றுக்கொண்டு முன்னே வா என்று பொருள். பேஸ்பாலில் மட்டை பிடிப்பவர் நிற்கும் இடத்துக்குப் பெயர் ப்ளேட். பேஸ்பாலை வாழ்நாளில் பார்த்திராத ஒரு மாணவி, "தட்டு முன்னாடி போய் நிக்கிறதா மேடம்? சாப்பாட்டுக்கா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். அந்தத் தட்டுக்குப் பின்னால் வருகிறேன்.

'டேக் தி புல் பை தி ஹார்ன்ஸ்' நமக்கு அந்நியமில்லை என்று தோன்றும். ஆனால் ஜல்லிக்கட்டில் கொம்பைப் பிடிக்கக் கூடாது. விதிப்படி திமிலைத்தான் தழுவ வேண்டும். வளர்த்த காளைக்குத் தவிடும் புல்லும் போட்டுக் குளிப்பாட்டும் பெண்கள் தென் மாவட்டங்களில் ஏராளம். வாடிவாசலுக்கு இந்தப் பக்கம் வரைதான் அவர்கள் பெயர் வரும். களத்தில் அடக்குபவன் வேறு.

நம் மொழியிலும் இதே கதை உண்டு. 'வரிந்து கட்டிக்கொண்டு' என்று ஆணைப் பற்றிச் சொன்னால் வேலையில் இறங்கிவிட்டான் என்று அர்த்தம். பெண்ணைப் பற்றிச் சொன்னால் சண்டைக்கு வந்துவிட்டாள் என்று அர்த்தம். சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு நாளில் நூறு வேலை தொடங்குகிறார்கள் எங்கள் தெருப் பெண்கள். அந்தச் செருகலுக்கு அகராதியில் பெருமையான இடம் எதுவும் இல்லை. அவர்களுக்குக் கிடைக்கும் ஒரே பாராட்டு, "எல்லாத்தையும் இழுத்துப் போட்டுச் செய்வா" என்பது. சுமையைத் தானாக முன்வந்து சுமந்தால் மட்டும் பெண்ணின் இனிஷியேட்டிவை யாரும் குறை சொல்வதில்லை.

*

வகுப்பிலிருந்து ரயில் நிலையத்துக்குப் போகும் சந்தில் இரண்டு தெருவிளக்குகள் பல வாரங்களாக எரியாமல் இருந்தன. எட்டு மணிக்கு வகுப்பு முடிந்தால் கைப்பேசி வெளிச்சத்தில் கூட்டமாக நடப்பார்கள். ஒருநாள் வகுப்பை நிறுத்திவிட்டு மனு எழுதினோம். தமிழ் மனுவின் கடைசி வரி எல்லோருக்கும் மனப்பாடம்: 'தக்க நடவடிக்கை எடுக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.'

பத்து நாளில் குறுஞ்செய்தி வந்தது. தங்கள் புகார் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டு முடித்துவைக்கப்பட்டது. அன்றும் சந்து இருட்டாகத்தான் இருந்தது.

அந்தச் செய்தியையே அடுத்த நாள் பாடமாக எடுத்தேன். எடுக்கப்பட்டது, முடித்துவைக்கப்பட்டது. யார் எடுத்தார், யார் முடித்தார்? செயப்பாட்டு வினையின் வசதி அதுதான். செயல் இருக்கும், செய்தவர் இருக்க வேண்டியதில்லை. சில நேரம் செயலும் இருக்க வேண்டியதில்லை.

பன்னிரண்டு பேர் நேரில் போனோம். அலுவலகத்தில் இருந்தவர் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு முதலில் கேட்டது விளக்கைப் பற்றி அல்ல. "யாரும்மா உங்களைக் கூட்டிட்டு வந்தது?" என்று கேட்டார். யாரும் கூட்டிவரவில்லை, நாங்களே வந்தோம் என்று ஒருத்தி சொன்னாள். அவர் நம்பவில்லை. எங்களுக்குப் பின்னால் கட்சிக்காரரோ சங்கத்துக்காரரோ நிற்கிறாரா என்று கண்ணால் தேடினார். நான்காம் நாள் விளக்கு எரிந்தது. அந்தக் கேள்வி மட்டும் என்னோடு தங்கிவிட்டது. அதைவிடப் பெரிய இடத்தில், பெரிய குரலில் அதே கேள்வியை முன்பே கேட்டிருக்கிறேன்.

*

2021 டிசம்பர் 15. பூந்தமல்லியை அடுத்த ஜமீன் கொரட்டூரில் ஒரு பெண்கள் விடுதி. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஐபோன் பூட்டும் ஃபாக்ஸ்கான் தொழிற்சாலையின் பெண் தொழிலாளர்கள் அங்கே தங்கியிருந்தார்கள். விடுதிச் சாப்பாடு சாப்பிட்டவர்களுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தது. 250க்கும் மேற்பட்ட பெண்கள் பாதிக்கப்பட்டார்கள். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அதிகாரிகள் ஆய்வுசெய்தபோது சமையலறையில் எலிகளும் மோசமான கழிவுநீர் வடிகாலும் இருந்தது தெரிந்து, அதை மூடினார்கள். ஓர் அறையில் ஆறு பேர் முதல் முப்பது பேர் வரை தங்கவைக்கப்பட்டதையும், சில விடுதிகளில் கழிவறைக்குத் தண்ணீர் வராததையும் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் பின்னர் எழுதியது. மாதச் சம்பளம் ஏறக்குறைய 10,500 ரூபாய்.

மருத்துவமனைக்குப் போன தோழிகள் என்ன ஆனார்கள் என்று தெரியவில்லை. சிலர் இறந்துவிட்டார்கள் என்று வதந்தி பரவியது. டிசம்பர் 17 இரவு பெண்கள் சாலைக்கு வந்தார்கள். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். மறுநாளும் மறியல் நீடித்தது. விலையுயர்ந்த கைப்பேசிகளைப் பூட்டும், 17,000 பேர் வேலை செய்யும் தொழிற்சாலை நின்றுபோனது. ஜனவரி 12 வரை திறக்கவில்லை.

தட்டு முன்னால் போய் நிற்பதா என்று என் மாணவி கேட்ட தொடருக்கு இதைவிடச் சரியான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. இந்தப் பெண்களிடம் வேலைக்கு எடுக்கும்போது இனிஷியேட்டிவ் இருக்கிறதா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். விரல் வேகம் போதும் என்று எடுத்திருப்பார்கள். தங்கள் தட்டில் விழுந்த சோற்றைப் பற்றி அவர்களாகவே ஒரு முடிவெடுத்தபோது, அந்தச் செயலுக்கு அகராதியில் இருந்த அத்தனை பெருமையான வினைகளும் காணாமல் போயின. வந்தவை வேறு சொற்கள். வதந்தியை நம்பிவிட்டார்கள். உணர்ச்சிவசப்பட்டுவிட்டார்கள். தூண்டிவிடப்பட்டார்கள். எல்லாம் அவர்களுக்கு யாரோ செய்த வினைகள். அவர்கள் செய்தது என்று ஒன்றுமில்லை.

வதந்தி பொய்தான். யாரும் இறக்கவில்லை. ஆனால் அந்த வதந்தி பிறக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. தோழி எந்த மருத்துவமனையில் இருக்கிறாள், உயிரோடு இருக்கிறாளா என்ற கேள்விக்கு அவர்கள் நம்பும்படி பதில் கிடைக்காத இடம் அது.

மறியலுக்குப் பிறகு 67 பெண் தொழிலாளர்களையும் ஒரு பத்திரிகையாளரையும் காவல்துறை பிடித்துவைத்ததாகவும், கைப்பேசிகளை வாங்கிக்கொண்டு பெற்றோரை அழைத்து மகள்களை அடக்கிவைக்கச் சொன்னதாகவும் ஒரு தொழிற்சங்கத் தலைவரும் ஒரு வழக்கறிஞரும் கூறியதை ராய்ட்டர்ஸ் வெளியிட்டது. காவல்துறை இதை மறுத்தது. யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. ஆனால் பெற்றோருக்குப் போன் என்ற செய்தியைப் படித்தபோது என் வகுப்பில் ஒருவருக்கும் ஆச்சரியம் ஏற்படவில்லை. கல்லூரியில் கேள்வி கேட்டால் பெற்றோருக்குப் போன். விடுதிக்குத் தாமதமாக வந்தால் பெற்றோருக்குப் போன். பதினெட்டு வயதைத் தாண்டி, வேலை பார்த்து, வீட்டுக்குப் பணம் அனுப்பும் பெண்ணும் இன்னொருவருடைய பொறுப்பில் இருப்பவள்தான் என்று நினைப்பது இங்கே வழக்கம். அவள் செயலுக்கு அவளே எழுவாய் என்று ஒப்புக்கொள்ள ஒருவருக்கும் மனம் வருவதில்லை.

டிசம்பர் 29 அன்று ஆப்பிள் நிறுவனம் அந்தத் தொழிற்சாலையை 'ப்ரொபேஷனில்' வைப்பதாக அறிவித்தது. சில விடுதிகளும் சாப்பாட்டு அறைகளும் தன் தரத்துக்கு இல்லை என்று ஒப்புக்கொண்டது. சீர்திருத்த நடவடிக்கைகள் விரைவாக நிறைவேற்றப்படுவதை உறுதிசெய்வோம் என்றது. ஃபாக்ஸ்கான், உடனடியாக 'ஸ்டெப்ஸ்' எடுப்பதாகச் சொன்னது. இந்த அறிக்கைகளை வகுப்பில் வாசித்தபோது ஒரு மாணவி கேட்டாள்: "ப்ரொபேஷன்ல நாங்கதானே மேடம் இருப்போம்? கம்பெனியும் இருக்குமா?" மூன்று வருடமாக ஒப்பந்தத் தொழிலாளியாக இருப்பவள் அவள். கம்பெனியையும் ப்ரொபேஷனில் வைக்க முடியும் என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. வைத்தது ஆப்பிள் என்று அறிக்கை சொல்கிறது. வைக்கவைத்தது யார் என்று அறிக்கையில் இல்லை.

*

2013இல் ஷெரில் சாண்ட்பெர்க் எழுதிய 'லீன் இன்' புத்தகம் வந்த பிறகு அந்தத் தொடர் எல்லா அலுவலகங்களுக்கும் போய்ச் சேர்ந்தது. மேசையில் பின்தள்ளி உட்காராதே, முன்னால் சாய்ந்து உன் இடத்தைக் கேட்டு வாங்கு என்பது அதன் சாரம். ஏற்கெனவே மேசையில் நாற்காலி இருக்கும் பெண்ணுக்கு அது உதவலாம். வர்க்கத்தையும் இனத்தையும் ஒதுக்கிவிட்டுப் பேசும் பெண்ணியம் இது என்று அதே ஆண்டில் பெல் ஹூக்ஸ் விமர்சித்தார். எங்கள் பக்கத்து அசெம்பிளி லைனில் நிற்கும் பெண் எட்டு மணி நேரமும் முன்னால் சாய்ந்துதான் இருக்கிறாள். அவளுக்கு வேண்டியது கொஞ்சம் நிமிர்வதற்கும் உட்காருவதற்கும் நேரம்.

உட்காருவது என்ற வினையை ஆங்கிலத் தொடர்கள் மதிப்பதில்லை. எழு, நில், அடியெடுத்து வை என்றே அவை ஏவுகின்றன. நம் பேச்சிலும் 'உட்கார்ந்து சாப்பிடுறவ' என்றால் சோம்பேறி. ஆனால் கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவில் தையல் வேலை செய்த விஜியும் அவருடைய 'பெண்கூட்டு' அமைப்பும் போராடியது உட்காரும் உரிமைக்காக. துணிக்கடைகளில் பத்து மணி நேரம் நின்றே வேலை செய்த பெண்கள், கழிவறைக்காகவும் நாற்காலிக்காகவும் பல ஆண்டுகள் குரல் கொடுத்தார்கள். 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாட்டுச் சட்டப்பேரவையிலும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்துக்குத் திருத்தம் வந்தது. எல்லாத் தொழிலாளர்களுக்கும் இருக்கை தர வேண்டும் என்றாகியது.

அது நடந்து மூன்று மாதத்தில் பூந்தமல்லிப் பக்கத்துப் பெண்கள் நெடுஞ்சாலையில் போய் உட்கார்ந்தார்கள். ஆங்கிலம் 'ஸ்டாண்ட் அப்' என்று சொல்லும் காரியத்தைத்தான் இவர்கள் உட்கார்ந்து செய்தார்கள்.

*

என் மாணவி ஒருத்தி தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாக நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். முதல் வருட மதிப்பீட்டுப் படிவத்தில் இனிஷியேட்டிவ் என்ற கட்டத்தில் ஐந்துக்கு இரண்டு போட்டிருந்தார்கள். அந்த வருடம் அவள் செய்தது என்னவென்று கேட்டேன். ஆயுத பூஜைக்கு அலங்காரம், பொங்கலுக்குக் கோலப் போட்டி, ஆறு பேருக்குப் பிறந்தநாள் கேக், ஓய்வுபெற்றவருக்கு வழியனுப்பு விழா. எல்லாவற்றுக்கும் "நீதாம்மா முன்ன நின்னு செய்யணும்" என்று சொல்லியிருக்கிறார்கள். அதோடு, ஒரே பில் இரண்டு முறை பதிவாவதைக் கண்டுபிடிக்க எக்செல்லில் ஒரு முறையைத் தானாக உருவாக்கியிருக்கிறாள். அதை டீம் லீடர் வாங்கிக்கொண்டு கூட்டத்தில் தன்னுடையதாகக் காட்டிவிட்டார்.

இரண்டாம் வருடம் நான் சொல்லிக்கொடுத்தபடி 'ஸ்பீக் அப்' செய்தாள். கூட்டத்தில் ஒரு தவறான கணக்கைச் சுட்டிக்காட்டினாள், அந்த எக்செல் தான் செய்தது என்றும் சொன்னாள். இம்முறை இனிஷியேட்டிவ் கட்டத்தில் மூன்று. கீழே குறிப்பில் ஒரு சொல்: 'அக்ரெசிவ்'. ஒரு வருடத்தில் இல்லாதவள், அடுத்த வருடத்தில் அதிகமானவள். சரியான அளவு எது என்று அவளும் கேட்டாள், நானும் யோசித்தேன். அந்தப் படிவத்தில் அப்படியோர் அளவு பெண்ணுக்குக் கிடையாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இந்த வருடம் தன்னைப் பற்றித் தானே எழுதும் சுயமதிப்பீட்டை வகுப்புக்கு எடுத்துவந்தாள். முதல் வரைவு முழுக்கச் செயப்பாட்டு வினை. பிழைகள் குறைக்கப்பட்டன. அறிக்கை தயாரிக்கப்பட்டது. ஏன் இப்படி என்றதற்கு, "நான் நான்னு எழுதினா திமிரா இருக்கும் மேடம்" என்றாள். தோழிகள் சுற்றி உட்கார்ந்து வரி வரியாக மாற்றினார்கள். நான் குறைத்தேன். நான் தயாரித்தேன். நான் கண்டுபிடித்தேன், இந்தத் தேதியில், இவ்வளவு ரூபாய் மிச்சம். ஒவ்வொரு 'நான்' எழுதும்போதும் அவள் தயங்கியதைப் பார்த்தேன். மூன்று பேர் பக்கத்தில் இருந்ததால்தான் எழுதி முடித்தாள்.

அந்த மூன்று பேரைப் பற்றி ஆங்கிலத் தொடர்கள் பேசுவதே இல்லை. செல்ஃப் ஸ்டார்ட்டர் என்பது தனி ஆள். கடிவாளம் பிடிப்பவர் தனி ஆள், காளையைப் பிடிப்பவர் தனி ஆள். ஆனால் நான் பார்த்த வரையில் பெண்கள் தொடங்கிய எதுவும் தனியாகத் தொடங்கியதில்லை. விளக்குக்காகப் போனது பன்னிரண்டு பேர். நெடுஞ்சாலைக்குப் போனவர்கள் ஓரே அறையில் நெருக்கிப் படுத்திருந்தவர்கள். இடம் மிச்சம் பிடிக்கச் சேர்த்து அடைத்ததால்தான் அவர்களுக்கு ஒருத்தியின் காய்ச்சல் இன்னொருத்திக்குத் தெரிந்தது.

அதனால் இப்போது இனிஷியேட்டிவ் பாடத்தோடு 'வீ' என்ற சொல்லையும் சேர்த்து நடத்துகிறேன். ஆங்கிலத்தில் அது ஒன்றே ஒன்று. தமிழில் இரண்டு. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் நாம், கேட்பவரை வெளியே வைத்தால் நாங்கள். 'வீ ஆர் எ ஃபேமிலி' என்று மேலாளர் சொல்வது நாமா, நாங்களா? 'வீ ஆர் டேக்கிங் ஸ்டெப்ஸ்' என்று நிறுவனம் சொல்வது எந்த வீ? பலகையில் இரண்டு பத்தி போட்டு அறிக்கைகளையும் விளம்பரங்களையும் பிரிக்கச் சொல்வேன். பெரும்பாலும் நாங்கள் பக்கம்தான் நிறையும். அதைப் பார்த்த பிறகு அவர்கள் இன்டர்வியூவுக்குப் போகும் விதமே கொஞ்சம் மாறுகிறது. எனக்கு என்ன இனிஷியேட்டிவ் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, கழிவறை எந்த மாடியில், இரவு ஷிஃப்டுக்கு வண்டி உண்டா என்றும் கேட்கிறார்கள். சிலருக்கு அதனாலேயே வேலை கிடைப்பதில்லை. கேட்டுவிட்டு வேலையும் வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

சுயமதிப்பீட்டை அனுப்பியவளுக்கு இன்னும் பதில் வரவில்லை. போன வாரம் அவள் கணக்குப் பிரிவிலிருந்து இன்னும் இரண்டு பெண்களை வகுப்பில் சேர்க்க அழைத்துவந்தாள். படிவத்தில் 'யார் மூலம் அறிந்தீர்கள்' என்ற கட்டத்தில் இருவரும் அவள் பெயரை எழுதினார்கள்.